குப்பைக்கும் ஓர் அளவு உண்டு

பொல்பிட்டியப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிவந்து ஓராண்டாகிறதாம். வீட்டோடு சேர்த்து ஏழு பேர்ச்சஸ் நிலம். பயற்றை, கத்தரி, கறிமிளகாய் ஆகியவற்றை நாட்டியிருக்கிறார். பசளை விற்கும் விலையில் மூட்டை வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, யாரோ சொல்லக் கேட்டு, வீட்டின் பின்னால் நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டுவித்து, அடுக்களைக் குப்பையையும் பிடுங்கிய புல்லையும் நாள்தோறும் அதில் கொட்டி வந்தார். மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும் என்றார்கள். மூன்று மாதங் கழித்துக் கிடைத்தவை கறுத்த சேறும், அழுகிய முட்டை நாற்றமும், அயல்வீட்டாரின் முகச்சுளிப்புமே. “எங்கள் ஊர் மண்ணுக்கு இது சரிவராதோ?” என்று கேட்கிறார்.

சரிவரும். மண்ணின்மீது யாதொரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் குழியின்மேலதே. அந்தக் குழியும் ஒரு காலத்தில், வேறோர் ஊரில், மிகவும் பொருத்தமாக இருந்த குழிதான். அந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஆல்பர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற் பல ஆண்டுகள் பணிபுரிந்தபின், 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவிலுள்ள இந்தூரில் இருந்தார். கூட்டுப்பசளை ஆக்கும் முறை ஒன்றை அங்கே வகுத்தார். இன்றைக்கும் அதற்கு ‘இந்தூர் முறை’ என்றே பெயர். முறையின் சாரம் இதுதான்: மூன்று பங்கு செடிகொடிக் கழிவு, ஒரு பங்கு சாணமும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணும், சிறிது சாம்பல். இவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி நனைத்து, மூன்று முறை புரட்டிப்போட்டால் ஏறத்தாழ 90 நாளில் எரு தயார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயனவியலாளருடன் சேர்ந்து 1931இல் இதை நூலாக வெளியிட்டார். உழவர்களிடமிருந்தே தாம் கற்றதாக அவர் சொல்லிக்கொண்டதை நாம் பெரிதாக மதிக்கிறோம். சீனத்துக் குடியானவர்களின் எருவாக்கும் பழக்கத்திலிருந்தும் அவர் பாடங் கேட்டிருந்தார்.

இந்த முறை 1930களில் இந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் கைக்கொள்ளப்பட்டது. 1937-38இல் ஹோவார்ட் தாமே இத்தோட்டங்களைச் சுற்றிப்பார்த்துச் சென்றார். ஆகவே கூட்டுப்பசளை நமது மலையகத்துக்குப் புதிய சரக்கன்று. நமது பாட்டன்மார் காலத்திலேயே சாக்கில் ஏறி மலைமீது போயிருக்கிறது.

இனிக் குழிக்கு வருவோம். இந்தூரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதுவும் மூன்று நான்கு மாதங்களில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலமெல்லாம் வரட்சி. அங்கே ஈரம் உலர்ந்து போகாமல் காப்பதே பெரும்பாடு. அதற்காகவே இரண்டு மூன்றடி ஆழத்தில் குழி. மழைக்காலம் வந்தால் ஹோவார்டும் குழியைக் கைவிட்டு, நிலத்தின் மேலேயே குவியலாகப் போடச் சொன்னார். இந்தப் பின்வாக்கியத்தை நம்மவர் பலர் படிக்கவில்லை.

பொல்பிட்டியவின் நிலைமை என்ன? கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டும். சில ஆண்டுகளில் அதையும் தாண்டும். இந்தூரின் மழை ஐந்து மடங்காகப் பொழிகிற இடத்தில் நாலடிக் குழி வெட்டினால் அதற்குப் பெயர் எருக்குழி அன்று, கிணறு. நீர் தேங்கியதும் காற்று வெளியேறுகிறது. ஒட்சிசனை உண்டு வாழும் பற்றீரியாக்கள் மடிகின்றன. காற்று வேண்டாத வேறொரு கூட்டம் வந்து குடியேறுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டு அவற்றின் கைவரிசை. முதற்கூட்டம் செய்வது சமையல். இரண்டாவது கூட்டம் செய்வது ஊறவைத்துக் கெடுத்தல். சகோதரியின் குழியில் நடந்தது இதுவே.

ஆதலால் மழைநாட்டில் எருவாக்கும் கலையின் முக்காற்பங்கு நீரை விலக்கும் கலைதான். நிலத்தின்மேல் போடுங்கள், அடியில் காய்ந்த கொப்புகளையோ மிலாறையோ அரையடி உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி அதன்மேல் போடுங்கள், தலைக்குமேல் ஒரு பழைய தகரம் சாய்வாக இருக்கட்டும். இந்த மூன்றையும் செய்தவர் பாதி வெற்றி பெற்றவர். வெட்டிய குழியை மூடிவிடுதல் நன்று. இன்னொரு காரணமும் உண்டு. மலைச்சரிவில், அதிலும் வீட்டுக்குப் பின்புறத்து மண்மேட்டின் அடியில், குழி வெட்டி நீரைத் தேக்குவது ஆபத்தான காரியம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு குப்பைக்குழியால் மலை சரிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நீரை வழிந்தோட விடவேண்டிய இடத்தில் தேக்கும் எந்த வேலையும் நல்லதன்று என்கிறோம்.

அடுத்தது அளவு. இதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். எருக்குவியல் தானாகவே சூடேறும் ஒரு பொருள். நன்றாக அடுக்கப்பட்ட குவியலின் நடுவே 55 பாகை முதல் 65 பாகை வரை வெப்பம் உண்டாகும். கையை உள்ளே விட்டால் பொறுக்க முடியாது. அந்தச் சூட்டில் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிகின்றன. ஆனால் அந்தச் சூடு தங்கவேண்டுமானால் குவியலுக்கு உடம்பு வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்றடியாவது இருத்தல் வேண்டும். அதனினும் சிறியதானால் உண்டாகும் சூடு உண்டாகும்போதே வெளியேறிவிடும். நாள்தோறும் ஒரு சட்டி குப்பையைக் கொட்டி வருபவரின் குவியல் எந்நாளும் சூடேறாது. அதற்காக அவர் மனம் நோகத் தேவையில்லை. சூடு வேண்டாத வேறு வழிகளை அவர் கைக்கொள்ளலாம். நிலத்துக்கேற்ற முறை என்று நாம் சொல்வது இதைத்தான்.

நிலமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். லயத்து வாசலில் நாலு தகரத்திலும் இரண்டு பழைய வாளியிலும் மிளகாயும் புதினாவும் வளர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இரண்டு வாளிகள் போதும். அடியிலும் பக்கங்களிலும் ஆணியால் துளையிட்டு, அடியில் ஒரு பிடி தும்போ காய்ந்த இலையோ இட்டு, ஒரு சட்டி அடுக்களைக் குப்பைக்கு இரண்டு சட்டி காய்ந்த சருகும் ஒரு பிடி மண்ணுமாகப் போட்டு வரவேண்டும். வாளி நிறைந்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்கவேண்டும். இரண்டாவது நிறையும்போது முதலாவது பெரும்பாலும் பக்குவமாகியிருக்கும். தோட்டத்துத் தேநீர்ச் சக்கைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வாளி சூடேறாது என்பதை நினைவில் வைக்கவேண்டும்: நோய்பட்ட செடியையும் விதை முற்றிய களையையும் அதில் இடலாகாது. பூசணி விதை விழுந்தால் மிளகாய்ச் சாடியில் பூசணி முளைக்கும். அதைக் கண்டு சிரித்துவிட்டுப் பிடுங்கிவிடலாம்.

இரண்டு மூன்று பாத்தி அளவே நிலமுள்ளவர்களுக்கு எமது ஆலோசனை இன்னும் எளியது. குவியலே வேண்டாம். பாத்தியின் ஒரு மூலையில் ஓரடி ஆழத்துக்குச் சிறு குழி. அன்றைய குப்பையை இட்டு, மண்ணோடு கலந்து, மேலே அரையடி மண் மூடிவிடுவது. மறுநாள் அதற்கு அடுத்த குழி. ஒரு பாத்தியை இப்படிச் சுற்றிவர ஒரு மாதமாகலாம். முதற்குழி இட்ட இடத்தில் ஆறு முதல் எட்டு வாரங் கழித்துக் கன்று நடலாம். அடைமழை நாட்களில் மட்டும் இதை நிறுத்திவிட்டு, குப்பையை வாழையடியைச் சுற்றி இட்டுச் சருகால் மூடுங்கள். வாழை எதையும் உண்ணும் பிள்ளை. இதில் நாற்றமில்லை, புரட்டும் வேலையில்லை, அயலவர் குறையுமில்லை. தெருநாய் கிளறாதிருக்க ஒரு பலகையோ கல்லோ மேலே வைத்தால் போதும்.

கடிதம் எழுதிய சகோதரியைப் போல் ஏழு பேர்ச்சஸ் உள்ளவர்களின் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். தோட்டங்களில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு 550 சதுர அடி என்றால் 51 சதுர மீற்றர் போய்விடும். முற்றம், வடிகால், கோழிக்கூடு, துணி காயும் இடம் எல்லாம் கழித்தால் பயிருக்கு எஞ்சுவது 80 சதுர மீற்றர் இருந்தால் பெரிது. ஐந்து பேருள்ள குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ அடுக்களைக் கழிவு சேரும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 கிலோ. அது எருவாகிச் சுருங்கும்போது ஏறத்தாழ 100 கிலோ தேறும். சதுர மீற்றருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலாக, ஆண்டுக்கொரு தடவை 80 சதுர மீற்றருக்கும் இட அது போதும். சருகும், வெட்டிய புல்லும், கிடைத்தால் சாணமும் சேர்த்துவிட்டால் இருமடங்கு, மும்மடங்கு இடலாம். ஆக, ஏழு பேர்ச்சஸ் குடும்பத்துக்குத் தன் தோட்டத்துக்கு வேண்டிய எருவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வல்லமை முழுமையாக உண்டு.

இவர்களுக்கு ஏற்றது மூன்றடிக் கூடு. நான்கு மூலைக்கு நான்கு கம்பு. சுற்றிவரக் கம்பிவலையோ மூங்கிற் பிளாச்சோ. இப்படி இரண்டு கூடுகள் பக்கம் பக்கமாக இருக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு வாரிப்போடுவதே புரட்டுதல் ஆகிவிடும். பீலிக்கும் கிணற்றுக்கும் மேற்புறமாக அமைக்கலாகாது. சருகை முன்னதாகவே பழைய உரப்பைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு, பசுமையான பொருள் ஒருநாள் நிறையக் கிடைக்கும்போது ஒரே மூச்சில் கூட்டை நிரப்பவேண்டும். நாளுக்கொரு சட்டியாக அன்று. சருகு அரையடி, பச்சை நாலு விரல், கரைத்த சாணம் ஒரு வாளி, தூவுவதற்கு ஒரு கூடை மேல்மண். திரும்பவும் அதே வரிசை. சாணம் இல்லாத வீட்டில் பழைய எருவை ஒரு கூடை கலந்தாலும் வேலை தொடங்கும்.

சருகையும் பச்சையையும் கலப்பது ஏன் என்று சிலர் கேட்பர். பற்றீரியாவுக்குக் காபன் சோறு, நைதரசன் கறி. முப்பது பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு கறி என்பது அவற்றின் பத்தியம். காய்ந்த இலையிலும் வைக்கோலிலும் சோறு மிகுதி. மரத்தூளில் அது மிக மிக மிகுதி, ஆகவே மரத்தூள் கொஞ்சமாகவே சேரலாம். பச்சைப் புல், கிளிசரியா இலை, முள்முருங்கை இலை, வேலியோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி இவற்றில் கறி மிகுதி. எல்லாம் பச்சையாக இருந்தால் குவியல் மூத்திர நெடி வீசும். மிஞ்சிய நைதரசன் அமோனியாவாகப் பறந்துபோகிறது என்பது பொருள். எல்லாம் சருகாக இருந்தால் ஆறு மாதமானாலும் சருகு சருகாகவே கிடக்கும். மூக்கே இங்கு ஆசிரியர். முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, புரட்டிச் சருகு சேர். அமோனியா நெடி வந்தால் பச்சை மிகுதி, சருகு சேர். மணமே இல்லாமல் குளிர்ந்து கிடந்தால் ஈரமோ பச்சையோ போதவில்லை. கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி கசியவேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றுமே கசியாவிட்டால் குறைவு.

சேர்க்கத் தகாதவை சில. மீன், இறைச்சி, எலும்பு ஆகியவை எலியையும் நாயையும் காட்டுப்பன்றியையும் விருந்துக்கு அழைக்கும். களைநாசினி தெளித்த மலையிலிருந்து அரிந்த புல்லைத் தொடவே வேண்டாம். மருந்தின் எச்சம் சில வேளை எருவிலும் தங்கிக் கன்றைக் கருக்கும். சிரட்டையும் டின்னும் குவியலுக்கருகில் கிடந்து நீர் பிடித்தால் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியவர்களாவோம். பலாச் சக்கையை நறுக்கிப் போடவேண்டும். முழுதாகப் போட்டால் காத்திருக்க நேரிடும். மிலாறு எரித்த சாம்பல் பொற்றாசியம் நிறைந்தது. ஆயினும் அதைச் சாணத்தோடு அள்ளி அள்ளிக் கொட்டினால் நைதரசன் பறந்துவிடும். தூவலாக மட்டும் சேர்க்க. மிஞ்சிய சாம்பலைக் காய்கறிப் பாத்திக்கே நேரடியாகக் கொஞ்சம் தூவலாம். தேயிலை பிடுங்கிய நிலத்தில் வீடு கட்டியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: தேயிலைக்குப் புளிப்பேறிய மண் உவப்பு, கத்தரிக்கும் பயற்றைக்கும் அது ஆகாது. எரு மட்டும் அந்தப் புளிப்பை விரைவில் மாற்றாது. நடுவதற்கு ஓரிரு வாரம் முன்னதாகச் சிறிது டொலமைட் தூளைக் கொத்திக் கலப்பது நன்று.

குவியலை அடுக்கிய இரண்டு மூன்று வாரத்தில் ஒருமுறை, பின்னர் மாதத்துக்கொருமுறை, முள்ளால் புரட்டவேண்டும். மூன்றடிக் கூட்டின் நிறை எளிதில் நானூறு ஐந்நூறு கிலோ வரும். விடியற்காலம் எழுந்து சமைத்து, பகல் முழுவதும் மழையில் கொழுந்து பறித்து, அட்டை கடித்த கால்களோடு வீடு திரும்பும் பெண்மணியிடம் இதையும் செய் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஆண்மக்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்கு முள்ளுக்குத்தப் போகும் கை, வீட்டில் மாதத்துக்கொரு முறை ஒரு மணி நேரம் முள்ளைப் பிடித்தால் தேய்ந்துவிடாது. அதற்கும் ஆளில்லாத வீட்டார், முன் சொன்ன சிறுகுழி முறையோடு நின்றுகொள்க. புரட்டாத குவியலும் ஒருநாள் எருவாகும். மூன்று மாதத்துக்குப் பதில் எட்டு ஒன்பது மாதம் செல்லும், அவ்வளவே.

உயரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும். பொல்பிட்டிய தாழ்ந்த, வெதுவெதுப்பான இடம். எரு விரைந்து பழுக்கும். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கு மேல். அதே குவியல் அங்கே மார்கழி தைக் குளிரில் மந்தமாகவே நகரும். ஒரே மாவட்டத்தில் இரு பெண்டிர் ஒரே நாளில் குவியல் போட்டால், ஒருவருக்கு எரு கிடைத்தபின் பல வாரங் கழித்தே மற்றவருக்குக் கிடைக்கும். இதில் எவருடைய கைராசியும் இல்லை.

இனி அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உள்ளவர்கள். பொல்பிட்டியவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலாவும் மிளகும் பாக்கும் தேயிலையும் கலந்து வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் பலர். இவர்களுக்கு இந்தூர் முறையே ஏற்றது. ஐந்தடி அகலம், மூன்று நான்கடி உயரம், நீளம் எவ்வளவு வேண்டுமானாலும். கிளிசரியாவை வேலியாகவும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகவும் நட்டுவிட்டால் பச்சைக்குப் பஞ்சமில்லை. மண் அரிப்பும் தடைப்படும். உழவைச் சொன்ன அதிகாரத்தில் வள்ளுவர் எருவுக்கு ஏரைவிட உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறார். ஏர் நுழைய வழியில்லாத நமது சரிவுகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் பொருந்தும்.

ஆனால், நிலம் பெரிதாகும்போது கணக்கும் மாறுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். நல்ல கூட்டுப்பசளையில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரை. யூரியாவில் நூற்றுக்கு 46. ஒரு ஹெக்டேயர் தேயிலைக்கு ஆண்டுக்கு 200 கிலோ நைதரசன் வேண்டுமென்று கொண்டால், யூரியாவாக அது 435 கிலோ. ஒன்பது மூட்டைக்குள் அடங்கிவிடும். கூட்டுப்பசளையாக அதே அளவு வேண்டுமானால் 20 தொன். ஏக்கருக்கு எட்டுத் தொன். மேலே நாம் கணக்கிட்ட குடும்பம் அடுக்களைக் கழிவிலிருந்து ஆண்டில் 100 கிலோ எரு எடுத்தது அல்லவா? அப்படியானால் ஓர் ஏக்கர் தேயிலைக்கு எண்பது குடும்பங்களின் ஓராண்டு அடுக்களைக் கழிவு வேண்டும்! அதையும் சரிவில் யாரோ ஒருவர் தலையில் சுமந்து ஏற்றவேண்டும். எருவிலுள்ள நைதரசன் முழுதும் முதலாண்டிலேயே செடிக்குக் கிடைப்பதுமில்லை. அது மெல்ல மெல்லவே அவிழும்.

இந்தச் சிறு கணக்கைப் போடாமல் ஒரு நாடே இறங்கியதன் விளைவை நாம் கண்ணாரக் கண்டோம். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்து, மே மாதத்தில் வர்த்தமானியும் வெளியிட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பது எண்ணம். அவ்வளவு எரு நாட்டில் எங்கே இருந்தது? சீனாவிலிருந்து ஒரு கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு தரும் நுண்ணுயிர்கள் இருப்பதைத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் கண்டு, அதை இறக்கவே அனுமதிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. ஆனால் கெட்டது கெட்டதுதான். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. எரிபொருள் பஞ்சமும் பொருளாதார நெருக்கடியும் அதில் பங்குகொண்டன என்பது உண்மை. பசளை இல்லாமையின் பங்கு பெரிது என்பதும் உண்மை. கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது யாருடைய நாட்கூலி, யாருடைய வேலைநாள் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் ‘கூட்டுப்பசளை’ என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிப்போரை நாம் காண்கிறோம். இது அநியாயம். எரு செய்த குற்றம் இதில் ஒன்றுமில்லை. வாளிக்கு உரிய கணக்கை நாட்டுக்குப் போட்டவர்களின் குற்றம் அது. ஏக்கர்க்கணக்கில் தேயிலை வைத்திருப்பவர் எருவைப் பசளைக்கு மாற்றாகக் கொள்ளாமல் துணையாகக் கொள்வது அறிவு. எரு மண்ணைப் பஞ்சுபோல் ஆக்கி நீரைப் பிடித்து வைக்கும். இட்ட பசளை மழையோடு ஓடிவிடாமல் தடுக்கும். மூட்டையின் தேவை சிறிது சிறிதாகக் குறையும். காய்கறிப் பாத்தி வைத்திருப்பவரோ மூட்டையின் பக்கமே போகாமல் வாழலாம். இரண்டும் உண்மை, இடம் வேறு, அளவு வேறு.

இந்த வட்டாரத்தார் குப்பையைப் பொறுப்பாக வைத்திருக்க வேண்டியதற்கு வேறோர் ஏதுவும் உண்டு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவுக்கு அண்மையிலே கூடித்தான் களனி கங்கை ஆகின்றன. 1969 முதல் இயங்கும் பொல்பிட்டிய மின்நிலையத்தின் நீரும் அந்த வழியேதான் இறங்குகிறது. பாலத்தின்மேல் நின்று ஆற்றில் வீசும் ஒரு பை குப்பை, கொழும்பு நகரத்தார் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையை நோக்கிப் பயணம் போகிறது. கொழும்பாரும் தம் குப்பையைச் சரிவரப் பார்த்துக்கொண்டவர்கள் அல்லர். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரிக்காமல், காற்றில்லாமல், அளவில்லாமல் குவித்த குப்பை அது. அடுக்களையிலேயே ஈரக் குப்பையைத் தனியே பிரித்து வீட்டு நிலத்தில் இட்டுவிட்டால், ஆற்றுக்கும் மேட்டுக்கும் போகவேண்டிய பாரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தை, மாசி, பங்குனி மாதங்களே இப்பகுதியில் ஓரளவு வரண்ட காலம். சருகு சேர்ப்பதும் கூடு கட்டுவதும் குவியல் அடுக்குவதும் அப்போதே நடந்துவிட வேண்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டத் தொடங்குமுன் எரு பக்குவமாகித் தகரத்தின் கீழே ஒதுங்கியிருப்பது உத்தமம். அடைமழையில் எருவைப் பாத்தியின்மேல் தூவுவது, சர்க்கரையை ஆற்றில் கரைப்பதற்குச் சமம். மழை சற்று ஓய்ந்த நாளாகப் பார்த்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மண்ணோடு கொத்திக் கலந்து, மேலே சருகோ மானாப்புல்லோ பரப்பிவிடுங்கள்.

பக்குவத்தை அறியும் வழி கடினமன்று. நல்ல எரு கறுப்பாக, உதிரியாக, முதல் மழை பட்ட காட்டு மண்ணின் மணத்தோடு இருக்கும். உள்ளே கையை விட்டால் சுடாது. இட்ட இலை இன்ன இலை என்று அடையாளம் தெரியாது. ஐயம் தீராதவர் ஒரு சிரட்டையில் எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி கலந்து பத்துப் பயறு ஊன்றிப் பார்க்கலாம். வேறு சிரட்டையில் வெறும் மண்ணில் பத்து. ஒரு வாரத்தில் இரண்டும் ஒத்து முளைத்தால் எரு தயார். எருச் சிரட்டையில் முளை கருகினாலோ பாதி முளைக்காவிட்டாலோ இன்னும் மூன்று வாரம் விட்டுவைக்கவேண்டும். சோதனை முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். பக்குவமான எருவைச் சாக்கிற் கட்டி, நிலத்தின் ஈரம் ஏறாதபடி இரண்டு பலகையின்மேல் வைத்தால், வாய் இறுகக் கட்டாதவரை, அடுத்த போகம் வரை கெடாமல் இருக்கும்.